கீரி விட்டுக்கொடுத்த பந்து

குளத்துக்குப் பக்கத்தில் இருந்த வழுவழுப் பாறையில் அன்று சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு ஆடும் ரோலர் ஹாக்கிப் போட்டி. குளத்து அணியும் மலைக்குரங்கு அணியும் மோதின. முதல் கோல் போடுகிற அணிக்கே கோடை முழுதும் குளம் சொந்தம். தோற்ற அணி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

காட்டுக்குள் சக்கரக் காலணி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கீரி பேசும் என்று நம்புகிறீர்கள், இதை நம்ப மாட்டீர்களா?

குளத்து அணியின் தலைவன் சுடலை என்கிற கீரி. அப்படி ஒரு வேகம்! தற்பெருமையும் அதே அளவு. அவனோடு முள்ளம்பன்றி கூரானும் எருமை பேச்சியும் ஆடினார்கள். கோலைக் காத்தது ஓர் உடும்பு. எதிரணியில் மூன்று குரங்குகள்; அவர்கள் கோலைக் காக்க ஒரு கரடியைக் கூட்டி வந்திருந்தார்கள். பேச்சிக்கு நாலு காலிலும் சக்கரம் மாட்டவே அரை நாள் ஆயிற்று. குளம் போய்விட்டால் கோடையில் அவள் எங்கே போய்ப் படுப்பாள்? அந்தக் கவலையில் அசை போடக்கூட மறந்துவிட்டாள்.

நடுவர் மரங்கொத்தி, "டொக்!" என்று கிளையில் தட்டியது. விளாங்காய்தான் பந்து.

சுடலை பந்தைத் தள்ளிக்கொண்டு பறந்தான். மூன்று குரங்குகளும் அவன்மேல் விழுந்தன. பந்து போயிற்று!

"எனக்குக் கொடுங்கண்ணே!" என்று கத்தினான் கூரான்.

"உனக்கா? நீ முள்ளை எண்ணிக்கிட்டு நில்லு! கோல் போடுறது என் வேலை!" என்றான் சுடலை.

ஒன்பது தடவை இதே கதை. ஒன்பதாவது தடவை பந்தைப் பறித்த குரங்கு, குளத்து அணியின் கோலுக்கே வந்து அடித்தது. நல்லவேளை, உடும்பு பாய்ந்து பிடித்தது. பிடித்ததை விட மறுத்ததால் மரங்கொத்தி வந்து கெஞ்ச வேண்டியதாயிற்று.

சுடலைக்கு வியர்த்துவிட்டது. அப்போது பேச்சி மெல்ல உருண்டு வந்தாள்.

"ஏலே சுடலை! நீ எங்க போனாலும் மூணு குரங்கும் உன் பின்னாலயே வருதே, பாத்தியா?"

"வராதா பின்ன? நான் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன்லா!"

"யாரு இல்லைன்னா? அப்ப அதுகள அந்த மூலைக்குக் கூட்டிட்டுப் போ. பந்தக் கூரானுக்குக் கொடு. கோல்ல நிக்கிற கரடிய நான் பாத்துக்கிடுதேன்."

கோலை இன்னொருத்தன் போடுவதா? சுடலைக்குப் பொறுக்கவில்லை. ஆனால் பேச்சியின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தான். பந்தைத் தள்ளிக்கொண்டு கிளம்பினான்.

"இந்தா கோல்! இந்தா கோல்!" என்று கத்திக்கொண்டே மூலைக்கு ஓடினான். மூன்று குரங்குகளும் விழுந்தடித்துப் பின்னால் வந்தன. அதற்குள் பேச்சி கரடியின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஏய், நகரு! ஒண்ணும் தெரியல!" என்று கரடி உறுமியது.

"நகரத்தான் பாக்கேன் அண்ணாச்சி! சக்கரத்துல பிரேக் இல்லியே!"

மூலையில் சுடலையின் கை ஒரு நொடி தயங்கியது. தானே அடித்துப் பார்க்கலாமா? பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு கூரானுக்குத் தள்ளிவிட்டான். கூரான் பேச்சியின் நாலு காலுக்கும் நடுவே பந்தை விட்டான். கரடி அவள் முதுகுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்து உள்ளே போய்விட்டது.

"கோல்!"

கூரானைத் தூக்கிக் கொண்டாட எல்லோரும் ஓடினார்கள். முள்ளைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்று கைதட்டினார்கள். சுடலை மட்டும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். இரண்டு நாள் முள் பிடுங்கினார்கள். பிடுங்க வந்தவர்களிடமெல்லாம், "ஆ! அந்தப் பந்தக் கொடுத்தது யாரு தெரியுமா? ஆ! நான்தான்!" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சியோ சக்கரத்தைக் கழற்றக்கூட நேரமில்லாமல் குளத்தில் இறங்கிப் படுத்திருந்தாள்.

தானே ஜெயிக்க நினைப்பவன் தன் அணியைத் தோற்கடிப்பான். தக்க நேரத்தில் தோழனுக்கு விட்டுக்கொடுப்பவன் எல்லோரையும் ஜெயிக்க வைப்பான்.