ஏரிக்கு இருபுறமும் சோம்பேறிகள்

ஒரு காட்டில் அகன்ற ஏரி ஒன்று. அதன் நடுவில் ஒரு தண்ணீர்ப் பாம்பு. ஏதாவது ஒரு தவளை தனியாக உரக்க வாய் திறந்தால் போதும், சத்தம் வந்த இடத்துக்கு நேராகப் போய் விழுங்கிவிடும்.

அதனால் தவளைகள் ஒரு வழக்கம் வைத்திருந்தன. மேகத்தில் மின்னல் வெட்டியதும் இரண்டு கரைத் தவளைகளும் ஒரே மூச்சில் ஒரு சத்தம் போடும். அடுத்த மின்னல் வரை மூச்சு விடாது; பேச வேண்டியிருந்தால் கரையில் காதோடு காதாகக் கிசுகிசுப்பதோடு சரி. அத்தனை குரல் சேர்ந்து வந்தால் பாம்புக்குத் திசை பிடிபடாது.

கீழ்க்கரை நாட்டாமைத் தவளை தொந்தியப்பனுக்கு மட்டும் ஒரு மனக்குறை.

"நாம் கத்தி முடித்த பிறகல்லவா மேல்கரைச் சத்தம் வருகிறது? இந்தச் சோம்பேறிகளால் ஒருநாள் நாம் எல்லோரும் பாம்பின் வயிற்றுக்குள் போகப் போகிறோம்."

"குரல் இவ்வளவு தண்ணீரைத் தாண்டி வர நேரம் ஆகாதா, மாமா?" என்று கேட்டாள் பச்சையம்மா என்ற தவளை.

"மின்னல் மட்டும் உடனே வருகிறதே. அது என்ன, பக்கத்து வீட்டிலா இருக்கிறது?"

தொந்தியப்பன் வாயை இறுக மூடிக்கொண்டு நீந்தி, மேல்கரையில் ஏறினார்.

"மின்னல் வந்தால் உடனே கத்தத் தெரியாதா உங்களுக்கு?"

"நன்றாயிருக்கிறது. பிந்துவது உங்கள் ஆட்கள். நீங்களே கேளுங்கள்" என்றது ஒரு மேல்கரைத் தவளை.

மின்னல் வெட்டியது. மேல்கரை கத்தி ஓய்ந்தது. பிறகுதான் கீழ்க்கரைச் சத்தம் மெல்ல வந்து சேர்ந்தது.

தொந்தியப்பனுக்கு முகம் தொங்கிவிட்டது. "நான் ஒரு பொழுது இல்லையென்றால் என் கரையும் கெட்டுப்போகிறது" என்று முணுமுணுத்தார். மேல்கரையை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, கீழ்க்கரையைத் திட்டுவதற்காகத் திரும்ப நீந்தினார்.

நடு ஏரிக்கு வந்தபோது மறுபடியும் மின்னல். இரண்டு கரைக் குரலும் இம்மி பிசகாமல் ஒன்றாக வந்து அவர் காதில் விழுந்தன.

அவருக்கு உச்சி குளிர்ந்தது. "ஒரே அதட்டல். இரண்டு கரையும் திருந்திவிட்டது" என்று வாய்விட்டுச் சொன்னார்.

அந்த நேரத்தில் ஏரி முழுவதிலும் கேட்டது அவர் குரல் ஒன்றுதான். பாம்பு வந்து அவரைச் சுற்றி வளைத்தது.

"நீயா திருத்தினாய்?" என்றது பாம்பு. "பத்து நாளாக இங்கேதான் கிடக்கிறேன். பத்து நாளும் அவர்கள் இப்படித்தான் ஒன்றாகக் கத்தினார்கள். பட்டினி கிடந்த எனக்குத் தெரியாதா?"

நீதி: தூரத்தால் வரும் தாமதத்தைச் சோம்பல் என்று பழிக்காதே.