முதல் உழக்கு மடைப்பள்ளிக்கு

முன்னொரு காலத்தில் தும்பையூர் என்றொரு நாடு, அதற்கு மருதவர்மன் என்றொரு ராஜா. ஆண்டானோ, ஆட்டிவைத்தானோ, கேட்க ஆள் இல்லை. காலையில் தானே மாலை போட்ட கழுத்தை மதியம் வெட்டச் சொல்லுவான்.

அரண்மனைச் சாயப்பட்டறை வந்தபின் ஊர் ஆறு நீலமாக ஓடியது. பிள்ளைகள் வாந்தி எடுத்துச் செத்தார்கள். கழிவை வடிக்கத் தொட்டி கட்டுங்கள் என்று வைத்தியர்கள் கெஞ்சினார்கள். பொக்கிஷக்காரர் சிங்கணருக்கு அது பொறுக்கவில்லை.

"தொட்டி கட்டினால் பாதி கஜானா காலி, பிரபு! குடம் தண்ணீருக்கு ஒரு உழக்குக் கழிவு கலக்கலாம் என்று அளவு வைத்துவிடுங்கள். பட்டறை இப்போது விடுவதும் அவ்வளவுதான். சல்லிக்காசு செலவில்லை."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "கூப்பிடு ஆவுடையப்பனை!"

ஆவுடையப்பன்தான் நாட்டின் அளவுகளுக்கு முத்திரை குத்துகிறவர். உழக்கை வாங்கியதும் அவருக்குக் கைகால் வெலவெலத்துவிட்டது. அவருக்கு முன்பிருந்தவர் ஒருமுறை "முடியாது" என்றார். இன்று இடது கையால் பிச்சை வாங்கித் தின்கிறார். போன வாரம் மட்டும் ஆவுடையப்பன் தெருவில் மூன்று பாடை. குத்தினால் ஊர் போகும், குத்தாவிட்டால் கை போகும். 

"என்னய்யா நடுக்கம்? குத்தும்!" என்று அதட்டினான் ராஜா.

குத்தினார். பிறகு, மாதிரிக்குப் பட்டறையிலிருந்து வந்திருந்த கழிவை அந்த உழக்கில் நிரப்பிக்கொண்டு, ராஜா குடிக்கும் வெள்ளிக்குடத்தருகே போய் நின்றார்.

"மகாராஜா, புது அளவு எதுவானாலும் முதல் அளப்பு அரண்மனை மடைப்பள்ளிக்குத்தான். தங்கள் பாட்டனார் வைத்த வழக்கம். அப்புறம்தான் ஊரில் செல்லும்."

ஊற்றிவிட்டார். குடம் நீலமானது. 

"சிங்கணரே, முதலில் நீர் குடியும்," என்றான் ராஜா.

"பிரபு, எனக்கு... வயிறு மந்தம்."

"ஒரு வாய்."

சிங்கணர் தடாலென்று காலில் விழுந்தார். "விஷம், பிரபு!"

ராஜாவின் பார்வை மெல்லத் திரும்பியது. "என் குடத்தில் விஷம் ஊற்றிய கை எது?"

 ஆவுடையப்பன் வலது கையை நீட்டினார். "இதுதான் மகாராஜா. ஊரார் குடத்தில் ஊற்ற உத்தரவானதும் இதே கைக்குத்தான்."

ராஜா நீலக் குடத்தை எட்டிப் பார்த்தான். "சரி, அளவை யார் சொல்வது?"

"உடம்பு தாங்கும் அளவை வைத்தியர் சொல்லட்டும். அந்த அளவுக்குக் கொண்டுவர மலிவான வழியைச் சிங்கணர் தேடட்டும். அதில் அவர் கெட்டிக்காரர்."

ராஜா கடகடவென்று சிரித்தான். "தேடும்வரை அவர் ஆற்றுத் தண்ணீரையே குடிக்கட்டும்!"

மூன்றே வாரத்தில் தொட்டி எழும்பியது. சொன்னதில் பாதிச் செலவுகூட ஆகவில்லை. ஆவுடையப்பனின் வலது கையில் ராஜா பொற்காப்பு பூட்டினான். அந்தக் கை பிழைத்தது, ஊரும் பிழைத்தது. அன்றைய நடுக்கம் போகாமல் காப்பு மட்டும் அவர் சாகும்வரை ஆடிக்கொண்டே இருந்ததாம்.