பெயரிலிக்கு நூறு போஸ்டர்

"இதை ஊரெல்லாம் ஒட்டிப்போடு குருவம்மா," என்று போஸ்டர் கட்டைத் தொப்பென்று கீழே போட்டார் நாச்சிமுத்து.

குருவம்மாள் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். மைதா அடிப்பிடிக்கிற நேரம் பார்த்து வந்திருக்கிறார். அவள் நிமிரவில்லை.

அவர் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் அவள்தான் அவருக்குக் குரு. பேரிலேயே குரு இருக்கிறதே, அதனால் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னே ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாண்டுப் பின்சுவரில் அவர் கரியால் ஒரு கிழவனை வரைந்துகொண்டிருந்தார். போஸ்டர் ஒட்ட வந்தவள் நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. ஆனா இந்தக் கண்ணு யாரையும் பாக்கலையே."

சொல்லிவிட்டுப் பக்கத்துச் சுவருக்குப் போய்விட்டாள்.

ரெண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வந்து கண்ணை மாற்றினார். அன்றிலிருந்து எதை வரைந்தாலும் முதலில் அவளிடம்தான் வந்து கேட்பார். வரைகிறவர் யாரென்று இந்த உலகத்தில் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

மற்ற நேரம் அவர் லாரிக்கு நம்பர் எழுதுகிறவர். சுவரில் படம் போடுவது உச்சி வெயிலில். பெயின்ட் பட்ட லுங்கியோடு ஒருத்தன் சுவரண்டை நின்றால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? படத்துக்குக் கீழே பேர் போடமாட்டார். பட்டணத்துப் பேப்பர்காரர்களே ஒரு பேர் வைத்துக்கொண்டார்கள். பெயரிலி.

அந்தப் பேர்தான் இப்போது அவர் வயிற்றில் நெருப்பு.

கோயம்புத்தூரில் ஒரு படக்கடை வியாபாரி. நாச்சிமுத்து வரைந்த குடத்துப் பொம்பளையைச் சுவரோடு அறுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிக்குள் நிறுத்தியிருக்கிறான். இவர் ஜனத்தோடு ஜனமாய்ப் போய்ப் பார்த்தார். ஆள் யாரென்று தெரியாததுதான் இதற்கு மவுசு என்று வியாபாரி விளக்கிக்கொண்டிருந்தான். நாளைக்கே தெரிந்துபோனால் விலை பாதிக்கு இறங்கிவிடுமாம். தெரியாமலே அந்த ஆள் செத்துப்போனால் இன்னும் விசேஷமாம். கூட்டம் சிரித்தது. நாச்சிமுத்து கொஞ்சம் கிட்டே போனார். காவல்காரன் அவர் நகத்துக் கரியைப் பார்த்துவிட்டு, கண்ணாடி அழுக்காகும், தள்ளி நில்லு என்றான்.

அத்தனையும் குருவம்மாளிடம் கொட்டினார். கொட்டக் கொட்டக் கோபம் ஏறிற்றே தவிர இறங்கவில்லை.

"அவன் எம்படத்தை விக்கல அம்மணி. எனக்குப் பேரில்லாததை விக்கறான்."

குருவம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு போஸ்டரை உருவிப் பார்த்தாள். நாச்சிமுத்து கைகூப்பி நிற்கிற போட்டோ. மேலே, 'உலகம் தேடும் பெயரிலி இவரே.' கீழே கொட்டை எழுத்தில் அவர் பேர், அவர் அப்பா பேர், ஊர்ப் பேர்.

"செவுத்துல பேரும் போட்டாவும் சேர்ந்து வர்றது ரெண்டு பேருக்குத்தானுங்கண்ணா. ஓட்டுக் கேக்கறவனுக்கு, செத்தவனுக்கு. நீங்க எதுக்கு நிக்கறீங்க?"

"செத்தவனுக்கெல்லாம் தெருத்தெருவா ஒட்டற. உசுரோட இருக்கறவன் கேட்டா மட்டும் கை நோவுதா?"

அதோடு நிறுத்தினாரா, இல்லை. பசை வாளியைத் தூக்குகிறவளுக்குப் பேரைப் பற்றி என்ன தெரியும் என்றார். ஏழு வருஷம் உன் பேச்சைக் கேட்டதுதான் நான் செய்த தப்பு என்றார். வாய்க்கு வந்தபடி பேச்சு போயிற்று. அவர் ஓய்கிறவரை அவள் கரண்டியால் பசையைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். நூறு போஸ்டரும் இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஒட்டிவிடுகிறேன், கூலி வேண்டாம் என்றாள். ஒரே ஒரு காரியம். மூன்று நாளாய் ஒருத்தர் போவோர் வருவோரிடமெல்லாம் உங்கள் பேரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதலில் அவரிடம் போய் உங்கள் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்.

நாச்சிமுத்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "யாரு? பேப்பர்காரங்களா?"

"இல்லீங்க. மாராத்தானு ஒருத்தரு. அம்மன் கோயில்ல இருப்பாங்க. போங்க."

வீட்டுக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டார். கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். நகத்தைக் கல்லில் தேய்த்துக் கழுவினார். வழியெல்லாம் பேரை எப்படிச் சொல்வது என்றுதான் யோசனை. வெறும் பேராய்ச் சொல்வதா, அப்பா பேரையும் சேர்த்துச் சொல்வதா?

அந்தக் கோயிலில் ஒரு பழக்கம் உண்டு. அநியாயம் பட்டவர்கள் வரமிளகாயை அம்மியில் அரைத்து, அம்மன் எதிரே நட்ட கல்லில் பூசுவார்கள். அநியாயம் செய்தவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரியுமாம். எரிச்சல் தாங்காமல் ஓடி வருவானாம். ஆனால் பேர் சொல்லி அரைக்கவேண்டும். பேரில்லாத சாபம் விலாசமில்லாத கடுதாசி மாதிரி என்பார் பூசாரி.

அம்மியடியில் ஒரு பொம்பளை அரைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயசிருக்கும். காரத்தில் கண்ணும் மூக்கும் ஒழுகின. துடைக்கவில்லை. பூசாரி ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துவிட்டு, இன்னைக்காச்சும் பேர் கிடைச்சுதா மாராத்தா என்று கேட்டார்.

நாச்சிமுத்து தூணுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டார். அரைத்துக்கொண்டே அவள் பூசாரியிடம் புலம்பியதெல்லாம் அவர் காதில் விழுந்தது.

மாராத்தாள் தண்ணித்தொட்டிச் சந்தில் வாடகைக்கு இருப்பவள். ஒற்றை அறை. ஒருநாள் வெளிச்சுவரில் எவனோ ஒரு பொம்பளையை வரைந்துவிட்டுப் போயிருந்தான். இடுப்பில் வெறுங்குடம், வெயிலுக்கு நெற்றிமேல் கை. சந்துப் பொம்பளைகளுக்கு அது வெயில் மறைக்கிற கையாய்த் தெரியவில்லை, அம்மன் காட்டுகிற அபயக் கையாய்த் தெரிந்தது. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். மாராத்தாளும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டாள். ரெண்டு மாசம் கழித்து வியாபாரியின் கார் வந்தது. வீட்டுக்காரன் சுவரை விற்றுவிட்டான். காலையில் சட்டி பானையை எடு என்றார்கள், மத்தியானம் மெஷின் வந்துவிட்டது. வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு, சுவர் இருந்த இடத்தில் பிளக்ஸைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள்.

வீட்டுக்காரன் பேருக்கு அரைத்துவிட்டாள். வியாபாரி பேருக்கும் அரைத்தாயிற்று. இன்னும் ஒருத்தன் பாக்கி.

"மொதல்ல கிறுக்குனவன் பேருதானுங்க தெரியல. அவன் கிறுக்காம இருந்திருந்தா எஞ்செவுரு செவுராவே இருந்திருக்கும்."

அதை விட்டுவிடேன், பாவம், அவனுக்கும் தெரிந்திருக்காது என்றார் பூசாரி.

"விடமாட்டேனுங்க. பேரு வெக்காமப் போனாத் தப்பிச்சுக்கலாம்னு நெனச்சிருக்கான்."

 நானா அறுத்தேன், நானா விற்றேன் என்று நாச்சிமுத்துவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. என்னையும்தானே ஏமாற்றினார்கள் என்று கத்தத் தோன்றியது. கோபமெல்லாம் அப்படியேதான் இருந்தது. யார் மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை.

திரும்பிப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

மாராத்தாள் தலை நிமிர்ந்தாள். வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நாலு எடம் போயி வர்ற ஆளாட்டம் இருக்கறீங்க. அந்தச் செவுத்துல படம் போட்டவன் பேரு உங்களுக்குத் தெரியுங்களா?"

அப்பா பேர் மறந்துபோயிற்று அவருக்கு.

"நாச்சிமுத்துங்க," என்றார்.

"எந்த நாச்சிமுத்துங்க? எங்க சந்துலயே நாலு பேரு இருக்காங்க. ஆளு மாறி எரிஞ்சுறப் போகுது."

"நான்தானுங்க."

அம்மிச் சத்தம் நின்றது.

மிளகாய் அப்பின கை மேலே போயிற்று. பூசாரி ஓரடி முன்னால் வந்தார். அவள் அடிக்கவில்லை. வெள்ளைச் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். நகர்ந்து உட்கார்ந்து, குழவியை அவர் பக்கம் தள்ளினாள்.

"பேரைச் சொல்லி அரை," என்றாள்.