மலைமுழுங்கியின் வாய்

குன்றடியில் ஒரு மடம். அடிகள் ஒருவர், சீடர்கள் பதினொருவர். பஞ்ச காலத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் அடுப்பு எரியவில்லை. சீடர்களுக்குப் பசி மறக்கட்டும் என்று அடிகள் ஒரு கதை கட்டினார். அந்தக் கதையில் பிறந்ததுதான் மலைமுழுங்கி என்கிற பூதம்.

பஞ்சம் போய்விட்டது. பூதம் போகவில்லை.

அது மலையை அப்படியே முழுங்குமா, கடித்துத் தின்னுமா என்று ஒருநாள் பேச்சு வந்தது.

"பேரே முழுங்கிதானே?" என்றான் நல்லியக்கன். நாற்பது வயதுச் சீடன். பாம்புக்கடிக்கு வேர் கொடுப்பதில் கைதேர்ந்தவன்.

"தொண்டையில இறங்க வேண்டாமா? கடிச்சுத்தான் தின்னும்" என்றான் அவன் நண்பன் சாத்தையன்.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? பல் எத்தனை, வாய் எத்தனை காதம் என்று பேச்சு வளர்ந்தது. அடிகள் கேட்டுச் சிரித்தார். பசிக்குக் கட்டிய பொய் இப்படி ஆயிற்றே என்று பிறகு அழுதார்.

அவர் பிச்சைக்குப் போயிருந்த மாதத்தில் முற்றத்தின் நடுவே கோடு விழுந்தது. கிழக்கே முழுங்கும் கட்சி, மேற்கே கடிக்கும் கட்சி. அடுப்பும் இரண்டானது. தோற்றேன் என்று சொல்லாமல் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது என்று சத்தியம் வேறு.

ஒரு மத்தியானம் விறகுக்குப் போன சாத்தையனை நல்லபாம்பு தீண்டியது. அவன் கட்சிக்காரர்கள் தூக்கிவந்து கோட்டருகே கிடத்தினார்கள்.

"வேரைக் குடு, நல்லியக்கா!"

வேர் அவன் மடியிலேயே இருந்தது.

"முழுங்கும்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. குடுக்கிறேன்."

சாத்தையனுக்குக் கண் செருகியது. ஆனாலும் தலையை ஆட்டினான்.

"கடிக்கும்."

இன்னும் கொஞ்ச நேரத்தில் வழிக்கு வந்துவிடுவான் என்று நல்லியக்கன் காத்திருந்தான். பிறகு பயந்துபோய், சத்தியத்தை மறந்து, வேரைக் கசக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடினான். சாத்தையனின் பல் கிட்டிவிட்டிருந்தது. நெம்பிப் பார்த்தும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை அடிகள் திரும்பி வந்தார். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"வேர் இருந்துதா?"

"இருந்துது, சுவாமி."

"ஏன் குடுக்கல?"

நல்லியக்கன் அவர் காலைப் பிடித்துக்கொண்டான். "நீங்க கட்டின கதை, நீங்களே சொல்லுங்க. அது முழுங்கும்தானே?" தான் சொன்னது சரி என்றாவது ஆகாவிட்டால் அவனால் இனி ஒரு வாய்ச் சோறு தின்ன முடியாது.

அடிகள் மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"முதல்ல குழியை வெட்டு."

வெயில் ஏறும்வரை வெட்டினான். மற்றவர்கள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள்.

"நீளம் எவ்வளவு?"

சாண் போட்டுப் பார்த்தான். "ஒம்பது சாண், சுவாமி."

"சாத்தையன்?"

அதையும் அவனே அளக்க வேண்டியிருந்தது. காலிலிருந்து தொடங்கினான். நெற்றிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

"எட்டு."

"சரி, இறக்கு."

இறக்கினான். ஒரு சாண் இடம் மிச்சம் இருந்தது. மண்ணையும் அவனே தள்ளி மூடினான்.

அடிகள் அவன் தோளில் கைவைத்து, மூடின குழியைக் காட்டினார்.

"நீ சொன்னதுதான் சரி, நல்லியக்கா. அது கடிக்கிறதில்ல. அப்படியே முழுங்குது."