வணக்கத்துக்குள் விழுந்த குழி

அல்லிக்குளத்தங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் தண்ணீர் குடிக்க வரும் மிருகங்களுக்கு அன்றைய சேதியைக் கொக்குதான் பாறைமேல் ஏறிச் சொல்லும். காடு முழுக்கப் பறந்து பார்ப்பது அதுதானே.

அன்று கொக்கு பார்த்தது பெரிய சேதி. இலுப்பை மரத்தடியில் வேடர்கள் குழி வெட்டி, மேலே இலை பரப்பிவிட்டுப் போயிருந்தார்கள். விடிந்தால் இலுப்பைப்பூ தின்ன எல்லாரும் அங்கேதான் ஓடுவார்கள்.

கொக்கு தொண்டையைச் செருமியது. "காட்டின் காவலர் யானையார் அவர்களே! கொம்புக்குப் பேர்போன மான் அண்ணாச்சி அவர்களே! வால் அழகி அணிலம்மா அவர்களே!"

எறும்புகளைக்கூட விடவில்லை, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்தது. நம்பாதவர்கள் எறும்பையே கேட்டுக்கொள்ளலாம். அதற்குள் யானை விட்ட குறட்டையில் குளத்தில் அலை எழும்பி, தவளைகளெல்லாம் கரைக்கு வந்து சேர்ந்தன.

நடுவில் குழியைப் பற்றியும் கொக்கு சொல்லத்தான் செய்தது. "பேச வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்" என்று முடித்தது.

காட்டுப்பன்றி திடுக்கிட்டு விழித்தது. "என்ன சொன்னாரு?"

"நன்றி சொன்னாரு" என்றது தவளை.

"நல்ல பேச்சு" என்று பன்றி குளம்பைத் தட்டியது.

விடிந்தது. பன்றி குழிக்குள் கிடந்தது!

யானை தும்பிக்கையை விட்டு அதைத் தூக்கிப் போட்டது. உடம்பெல்லாம் சேறு.

"ஏன்யா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று பன்றி கொக்கின் மேல் பாய்ந்தது.

"நேற்றே சொன்னேனே" என்றது கொக்கு.

"எப்போ? நீ வணக்கம் போட்டே, தூங்கினேன். நன்றி சொன்னே, தட்டினேன். நடுவிலேயா குழி வெட்டினே?"

கொக்கு பறந்து போய் இலுப்பை மர உச்சியில் உட்கார்ந்துகொண்டது.

பன்றி தப்பியதைக் கண்ட வேடர்களுக்குக் கோபம். மரத்துக்கு மறுபக்கம் இன்னும் ஆழமாக வெட்டி, அடியில் கூரான கம்புகளை நட்டார்கள். இந்த முறை விழுந்தால் யானை தூக்கியும் பயனில்லை.

அன்று சாயங்காலம் கொக்கு பாறைமேல் ஏறியதுமே யானை கண்ணை மூடியது.

"விடிந்ததும் நம்மில் ஒருவர் சாகப் போகிறார்" என்றது கொக்கு.

யானையின் கண் திறந்தது. பன்றி வாயிலிருந்த கிழங்கு கீழே விழுந்தது. "யாரு?"

"இலுப்பைப்பூவுக்கு முதலில் ஓடுகிறவர்."

எல்லாரும் பன்றியைப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்கய்யா பாக்குறீங்க?" என்றது பன்றி.

குழி எங்கே, எவ்வளவு ஆழம், மேலே எந்த இலையைப் பரப்பியிருக்கிறார்கள் என்று கொக்கு சொல்லச் சொல்ல, கொசுகூடப் பறக்கவில்லை. கடைசியில் பழக்கதோஷத்தில் நன்றி சொல்ல வாயைத் திறந்தது. பன்றியின் மேல் காய்ந்திருந்த சேறு கண்ணில் பட்டது.

"இலுப்பை மரத்தடியில் தேக்கிலை கிடந்தால், அடுத்த அடி வைக்காதே" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டது.

யாரும் தட்டவில்லை. அந்த வரியை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

விடிந்ததும் வழக்கம்போலப் பன்றிதான் முதலில் ஓடியது. பூ வாசனை மூக்கைத் துளைத்தது. மூக்குக்கு நேரே ஒரு தேக்கிலை!

"அடுத்த அடி வைக்காதே" என்று சொல்லிக்கொண்டே, தூக்கிய காலைப் பின்னால் வைத்தது.

குளத்துக்குத் திரும்பி வந்து கொக்கிடம் சொன்னது: "கொக்கண்ணே, நேத்து நீ ரெண்டு 'அவர்களே' போட்டிருந்தா, இந்நேரம் நான் குழம்புல கொதிச்சிருப்பேன்."

எவ்வளவு நல்ல சேதியானாலும், அதன் முதல் வரி காதைத் திறக்க வேண்டும். கடைசி வரி கேட்டவரோடு வீடு வரைக்கும் போக வேண்டும்.