காதுக்குச் செருப்பு

ஓவியர் வைத்தியலிங்கம் தன் குருவைக் கண்டடைந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. குருவுக்கு முப்பத்தொன்று.

முப்பது வருடம் சென்னையில் படம் வரைந்தவர் அவர். பெரிய ஓட்டல்களும் வங்கிகளும் அவருடைய படங்களை வாங்கி மாட்டிக்கொண்டன. வாங்கிய எவரும் ஒரு படத்தின் முன்னால் நின்று பார்த்ததை அவர் கண்டதில்லை. மரப்பெட்டியில் அடைத்து அனுப்புவார். அத்தோடு சரி.

ஒருநாள் காலையில் தூரிகையைக் கையில் எடுத்தார். எதை வரைவதென்று தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. அப்படியே இரண்டு வருடம் போயிற்று. இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு பிறந்த ஊரான தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டார்.

ஊருக்கு வந்த ஏழாம் மாதம், தபால் நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், அவர் படிவத்தைத் தப்பாக நிரப்பியிருக்கிறார் என்று கடிந்துகொண்டிருந்தாள். அவர் கவனம் அதில் இல்லை. அவள் தலையை அசைக்கும்போதெல்லாம் அவள் காதில் ஒரு நீல நண்டு ஆடியது. அதற்கு ஒரு கொடுக்கு பெரிது, ஒரு கொடுக்கு சிறிது. அவள் கோபப்படக் கோபப்பட, நண்டும் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தது.

வைத்தியலிங்கம் சிரித்துவிட்டார். எத்தனையோ நாள் கழித்து வந்த சிரிப்பு. சத்தமாகவே வந்துவிட்டது.

"எதுக்கு சார் சிரிக்கீங்க?"

"தப்பா நினைக்காதீங்கம்மா. அந்தக் கம்மல் எங்க வாங்கினீங்க?"

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. நண்டை விரலால் ஒருமுறை தட்டிவிட்டாள்.

"உப்பள ரோட்டு முக்குல ஜெசிந்தான்னு ஒரு பிள்ள விக்கும். பதினஞ்சு ரூவாதான் சார்."

அன்று மாலையே போனார். சாலை முக்கில் ஒரு மின்கம்பத்தோடு பெரிய கறுப்புக் குடையை விரித்துக் கட்டியிருந்தார்கள். குடைக் கம்பி ஒவ்வொன்றிலும் கம்மல்கள் வரிசையாகத் தொங்கின. இறால், நங்கூரம், கத்திரிக்காய், ஆட்டோ, யாரிடமோ கோபித்துக்கொண்ட பூனை. காற்று வரும்போதெல்லாம் எல்லாம் சேர்ந்து ஆடின. குடைக்கு அடியில் ஒரு பெண் பிளேடால் ரப்பரை வெட்டிக்கொண்டிருந்தாள்.

வைத்தியலிங்கம் அரைமணி நேரம் அவள் வெட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"எனக்கு இதைக் கத்துக்கொடுப்பீங்களா?"

ஜெசிந்தா நிமிர்ந்து அவர் விரல்களைப் பார்த்தாள்.

"நீங்க எங்கயோ பெருசா செஞ்ச ஆளுன்னு கையப் பாத்தாலே தெரியுது. எனக்குக் கத்துக்கொடுக்க எல்லாம் வராது அண்ணாச்சி. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

அவளிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் உப்பளத்துப் பெண்கள். கவரிங் நகையை உப்புக்காற்று ஒரே வாரத்தில் பச்சையாக்கிவிடும். தங்கம் அவர்களிடம் இல்லை. காது தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு திரிந்தவர்கள் அவர்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜெசிந்தா உப்பு அரிக்காத பொருளைத் தேடினாள். செருப்புப் பட்டறையில் அடிப்பாகம் வெட்டியதுபோக மிஞ்சும் ரப்பர்த் துண்டுகள் சும்மாவே கிடைத்தன. கோர்ப்பதற்கு வலை பின்னும் நைலான் இழையான தங்கூசி நரம்பு. வண்ணம் தீட்ட பெயிண்டு டப்பாக்களின் அடியில் மிஞ்சியது. அவ்வளவுதான் அவள் தொழில்.

வைத்தியலிங்கம் முதலில் ஒரு சோடி அன்னம் செய்தார். ஒவ்வொரு இறகையும் தனித்தனியாகச் செதுக்கினார். இரண்டு நாள் பிடித்தது. குடையின் நடுக்கம்பியில் அதை மாட்டினாள் ஜெசிந்தா. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் எடுத்தார்கள். "ஆத்தாடி, என்ன அழகு!" என்றார்கள். அப்புறம் பத்திரமாக இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டுப் பூனையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"என் அன்னத்துல என்ன குறைம்மா?"

"ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி."

சொல்லிவிட்டு அன்னத்தை எடுத்தாள். இரண்டு காதிலும் நரம்பைச் சுற்றி அவருக்கே கட்டிவிட்டாள்.

"போய் ரெண்டு டீ வாங்கிட்டு வாங்க."

"இதோடயா?"

"ஆமா."

டீக்கடை எதிர்ச்சாரியில் இருந்தது. கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். வைத்தியலிங்கம் யாரையும் திரும்பிப் பார்க்காமல் டீயை வாங்கிக்கொண்டு, கழுத்தை அசைக்காமல், கும்பம் சுமப்பவர்போல நடந்து திரும்பினார்.

"ஊரே பாத்துச்சு" என்றார்.

"பாத்தா என்ன?"

"அது பெருசில்லம்மா. இறகு ஒடிஞ்சிடுமோன்னு கழுத்தைத் திருப்பவே பயமா இருந்துச்சு. லாரி வர்றதைக்கூடப் பாக்கல."

ஜெசிந்தா அவர் கையிலிருந்த ஒரு கிளாசை வாங்கிக்கொண்டாள்.

"டீயக் குடிங்க அண்ணாச்சி, ஆறிரும்."

மறுநாள் அவர் ஒரு முருங்கைக்காய் செய்தார். பச்சை ரப்பரில் மூன்று துண்டு, நடுநடுவே நரம்பு. கல்லூரிப் பெண் ஒருத்தி அதை மாட்டிக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தாள். முருங்கைக்காய் அவள் தோளைத் தொட்டது. அவள் களுக்கென்று சிரித்தாள். பேருந்தில் ஏறிய பிறகும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டே போனாள். பேருந்து மறைகிறவரை வைத்தியலிங்கம் சாலையிலேயே நின்றார்.

அப்படி இரண்டு மாதம் போயிற்று. அப்போதுதான் செல்லத்தாய் வந்தாள்.

செல்லத்தாய் உப்பளத்தில் முப்பது வருடமாக உப்பு சுமப்பவள். அவள் மருமகள் மாரிக்கனியும் அங்கேதான் வேலை செய்தாள். மாரிக்கனிக்கு ஜெசிந்தாவிடம் புதுக்கம்மல் வாங்கும் பழக்கம் உண்டு. அன்று செல்லத்தாய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மருமகளின் காதில் மறுபடியும் ஈர்க்குச்சி.

"ஏட்டி ஜெசிந்தா! இது என்ன ரப்பருட்டி?"

உள்ளங்கையில் இரண்டு மஞ்சள் மீன்கள் கிடந்தன.

"செருப்புக்கு வெட்டுத ரப்பரு பெரியம்மா."

"வாயால சொல்லுதா பாரு! கால்ல கெடக்க வேண்டியதக் காதுல மாட்டிவிட்டிருக்கியே. எங்க தெருவுல அத்தன பேரும் சிரிக்கான். உன் மருமவ செருப்பக் காதுல போட்டுத் திரியுதான்னு என் மூஞ்சிக்கு நேரா கேக்கான்!"

வைத்தியலிங்கம் எழுந்துவிட்டார்.

"அம்மா, கொஞ்சம் கேளுங்க. இது யாரும் போட்டு நடந்த செருப்பு இல்ல. வெட்டினதுல மிச்சம். புது ரப்பர். சுத்தமானது."

செல்லத்தாய் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மீன்களைக் குடைக்கு அடியில் வீசிவிட்டுப் போனாள். மாரிக்கனி குனிந்த தலை நிமிராமல் பின்னால் போனாள். சுற்றி நின்ற பெண்கள் அவர்கள் போவதையே பார்த்தார்கள். பிறகு அதில் மூன்று பேர் தங்கள் காதிலிருந்ததைக் கழற்றி ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

ஐந்து நாள் குடைக்குக் கீழே ஒருவரும் வரவில்லை. தபால் நிலையத்துப் பெண்கூட எதிர்ச்சாரியிலேயே நடந்து போனாள்.

ஆறாம் நாள் வைத்தியலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு போர்டு எழுதி மாட்டுவோம்மா. இது புது ரப்பர்னு பெருசா நானே எழுதறேன். உண்மைதானே அது?"

"உண்மைதான்."

"பின்ன?"

"அவங்க அழுக்குன்னு சொல்லலியே அண்ணாச்சி. செருப்புன்னுல்லா சொன்னாங்க."

அவள் பார்வை அவர் காலுக்குப் போனது.

"உங்க செருப்பக் கழட்டுங்க" என்றாள் ஜெசிந்தா.

"எதுக்கு?"

"கழட்டுங்களேன்."

கழற்றினார். நீல வார் போட்ட சாதாரண ரப்பர்ச் செருப்பு. குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது. அவள் அதைக் கையால் எடுத்து, கம்மல் வைக்கும் ஸ்டூலின் மேலேயே வைத்தாள். வைத்தியலிங்கத்துக்குக் கூச்சமாகிவிட்டது. குருவின் கை தன் செருப்பில் பட்டுவிட்டதே என்று தடுக்கப் போனார். அவள் கவனிக்கவில்லை. இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தன வருசமா இந்த ரப்பர வெட்டுதேன். இத ஒருநாளும் ஒழுங்காப் பாக்கல" என்றாள். "வார் போட்ட எடத்துல எவ்வளவு அழகா வளையுது, பாருங்க."

பிளேடை எடுத்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் பத்துச் சோடி செருப்புகள் செய்துவிட்டாள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவு. வெள்ளை அடி, நீல விளிம்பு, சிவப்பு வார். வார்கள் மெல்லியவை, அவற்றை ஒட்டும் வேலையை வைத்தியலிங்கத்திடம் கொடுத்தாள். முப்பது வருடம் தூரிகை பிடித்த கை அந்த வேலைக்குக் கச்சிதமாக இருந்தது. வேலை முடிந்ததும் ஒரு சோடியைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் பிற்பகல் குடையில் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செருப்புகளை மட்டும் தொங்கவிட்டாள். வைத்தியலிங்கம், இது சண்டைக்கு அழைப்பதுபோல் ஆகிவிடாதா என்று கேட்க நினைத்தார். அவள் முகத்தில் சண்டைக்கான குறி ஒன்றும் இல்லை. பாட்டொன்றை முணுமுணுத்தபடி இருந்தாள்.

உப்பளத்து வேன் வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். முதலில் இறங்கியவள் குடையைப் பார்த்தாள், ஜெசிந்தாவின் காதைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். செல்லத்தாய் இறங்கினாள். அவளும் பார்த்தாள்.

மாரிக்கனிதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், அடங்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பு பக்கத்தில் நின்றவளுக்குத் தொற்றியது, அப்புறம் அடுத்தவளுக்கு. "கோயிலுக்குப் போனா இதக் கழட்டி வெளிய விடணுமோ?" என்று ஒருத்தி கேட்டாள். வேன் டிரைவர்கூட ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார்.

செல்லத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்தாள். குடையிலிருந்து ஒரு சோடியை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வாரை நகத்தால் இழுத்துப் பார்த்தாள்.

"வாரு அறுந்துராதா?"

"அறுந்தாக் கொண்டாங்க பெரியம்மா. தச்சுத் தாரேன்."

செல்லத்தாயின் உதடு துடித்தது. அடக்க முடியாமல் அவளும் உடைந்து சிரித்தாள். கண்ணில் நீர் வர, முந்தானையால் துடைத்துக்கொண்டே அந்தச் சோடியை மருமகளிடம் நீட்டினாள்.

"இந்தா. எது வலது, எது எடதுன்னு பாத்து மாட்டு."

தொங்கிய ஒன்பது சோடியும் நின்ற இடத்திலேயே போயிற்று. கிடைக்காதவர்கள் மறுநாளைக்குச் சொல்லிவைத்தார்கள். கடைசியாக செல்லத்தாய் ஜெசிந்தாவின் காதருகே குனிந்து மெல்லச் சொன்னாள்.

"எனக்கும் ஒண்ணு செய்யி. என் காது ஓட்ட பெருசு. அதுக்குத் தக்கன செய்யி."

மறுநாள் காலை பத்து மணிக்கு, கேட்டிருந்த செருப்புகளை எடுத்துக்கொண்டு இருவரும் உப்பளத்துக்கே போனார்கள். வைத்தியலிங்கம் உப்பளத்துக்குள் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. எங்கு பார்த்தாலும் வெள்ளை. கண்ணைத் திறக்க முடியாத வெயில். பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். தலையையும் காதையும் முகத்தையும் துண்டால் சுற்றியிருந்தார்கள். கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன. யார் மாரிக்கனி, யார் மற்றவள் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

செல்லத்தாயைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு செருப்புகளை வாங்கினாள். அந்தப் பக்கம் திரும்பி நின்று துண்டை அவிழ்த்தாள், மாட்டிக்கொண்டாள், மறுபடியும் துண்டை இறுக்கிச் சுற்றினாள். செருப்பும் தெரியவில்லை, காதும் தெரியவில்லை. உப்புக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பில் நடந்து போனாள்.

வைத்தியலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை.

"காதே தெரியலையேம்மா. எல்லாரும் இப்படித்தான் மூடிக்கிறாங்களா?"

"ஆமா அண்ணாச்சி. வேல முடியுத மட்டும் அப்படித்தான்."

"அப்ப இதை யார் பாக்கப்போறா?"

ஜெசிந்தா கையை நெற்றிக்குக் குடையாக வைத்துக்கொண்டு தூரத்தில் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

செல்லத்தாய் உப்புக் குவியலில் ஏறிக் கூடையைக் கவிழ்த்தாள். இறங்கினாள். இறங்கியவள் நின்று, தலையை ஒருமுறை இந்தப் பக்கம் ஆட்டினாள், ஒருமுறை அந்தப் பக்கம் ஆட்டினாள். நாலு எட்டு நடந்தாள். மறுபடியும் ஆட்டினாள்.

"ஏன் அந்தம்மா தலையை ஆட்டிக்கிட்டே வர்றாங்க?"

"செருப்பு காதுல கெடக்கான்னு பாக்காங்க அண்ணாச்சி."