இரண்டு சுற்று உட்கார்

பல்லடத்துக்குப் பக்கத்தில் அஞ்சுகம் என்று ஒரு குரு இருந்தார். காவியும் கிடையாது, ஆசிரமமும் கிடையாது. விளையாட்டு வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று பள்ளி ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுப்பார். சீடர்களில் பரஞ்சோதி குருவைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார்.

சம்பளம், செலவு, சேமிப்பு எல்லாம் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று அவர் ஓர் அட்டை விளையாட்டு செய்திருந்தார். கடைசியில் யாரிடம் சேமிப்பு அதிகமோ அவர் ஜெயித்ததாகக் கணக்கு. மாவட்ட அளவில் அதற்குப் பரிசு கிடைத்தபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஒரு நாள் குருவிடம் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"இதைக் கொளுத்திடலாம்னு இருக்கேன் டீச்சர்."

"என்ன ஆச்சுங்க சார்?"

சொன்னார். பிரதீபா என்று ஒரு மாணவி. இந்த விளையாட்டில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. அப்பா இல்லை, அம்மா பனியன் கம்பெனியில் வேலை. மகளின் சாமர்த்தியத்தைப் பார்த்து, வீட்டுச் சேமிப்பை அம்மா அவள் பொறுப்பிலேயே விட்டிருந்தார். ஆடி மாதம் அம்மாவின் காலில் ஆணி குத்தியது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பணம் எடுக்கட்டுமா என்று மகளிடம்தான் கேட்டார். இரண்டு வாரம் பார்க்கலாம், சேமிப்பைத் தொட வேண்டாம் என்றாள் மகள். மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன். அந்தப் புள்ள அழலைங்க. 'நான் எங்க சார் தப்பா ஆடினேன்?'னு கேட்டா. நாளைக்கு வந்து சொல்றேன்னுட்டு ஓடி வந்துட்டேன்."

அஞ்சுகம் பையை வாங்கி அட்டையை விரித்தார்.

"வாங்க, ஆடலாம்."

பரஞ்சோதிக்கு எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் உட்கார்ந்தார். நாலைந்து முறை காய் நகர்ந்ததும் குருவுக்கு ஒரு சீட்டு வந்தது. மருத்துவச் செலவு: மூவாயிரம் கட்டு, அல்லது இரண்டு சுற்று உட்கார்.

குரு பணம் கட்டவில்லை, உட்கார்ந்தார். பரஞ்சோதி தனியாக இரண்டு முறை தாயம் உருட்டினார்.

"இப்ப எனக்கு உடம்பு சரியாயிடுச்சுங்களா?"

"விளையாட்டுல சரியாயிடும்."

"எப்படி?"

பரஞ்சோதி அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"உட்கார்னு ஏன் போட்டீங்க?"

"முதல்ல அது இல்லைங்க. இந்தச் சீட்டு வந்தாலே பிள்ளைங்க ஓட்டாண்டி ஆகி ஆட்டத்தை விட்டு வெளிய வந்துட்டாங்க. மணி அடிக்க இருபது நிமிஷம் இருக்கும், சும்மா இருக்க முடியாம சத்தம் போட்டாங்க. பக்கத்து வகுப்பு டீச்சர் சண்டைக்கு வந்துட்டாங்க. அதான், பீரியட் முடியற வரைக்கும் எல்லாரும் ஆடட்டும்னு..."

அவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டார். நல்ல மனிதர். நல்லதென்று நினைத்துத்தான் அந்த ஒரு வரியைச் சேர்த்தார்.

"கொளுத்திடறேன் டீச்சர்."

"முப்பத்தாறு பிள்ளைங்க ஆடி முடிச்சாச்சு. அட்டையைக் கொளுத்தி என்ன பண்றது?"

"வரியை மாத்திடறேன். பிள்ளைங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க. அதுக்கு முன்னால ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"போய் அவகிட்ட என்ன சொல்ல?"

"அவ தப்பா ஆடலை. நீங்க சொல்லிக்கொடுத்தபடி சரியாத்தான் ஆடினா. அதைச் சொல்லுங்க."

பரஞ்சோதி அட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"அப்படிச் சொன்னா, தப்பு என்னோடதுன்னு ஆயிடுமே டீச்சர்."

"ஆமாங்க சார். பதினாலு வயசுப் புள்ள அதை எத்தனை வருஷம் சுமக்கும்? போய் அவகிட்டேருந்து வாங்கிக்கங்க."